இறக்கத்தில் நின்ற எஞ்சின்

நான் பள்ளிக்கூடம் போன காலத்து வேன் அது. அண்ணன் கப்பல் வேலைக்குப் போனபிறகு அண்ணிதான் ஓட்டுகிறாள். கதவைச் சாத்துவது, படியேற முடியாதவர்களைத் தாங்கிப் பிடிப்பது, வழியெல்லாம் பேச்சுக் கொடுப்பது என் வேலை. கீழே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நான்கு பேரை மலைமேல் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம். ஒரு முறை தவறினாலும் அவர்களுக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் வேன் படுத்துக்கொள்ளவே கூடாது.

வேனோ கொஞ்ச காலமாகச் சண்டித்தனம் செய்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. ஏற்றத்தில் கரும்புகை கக்கியது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே எங்களைத் திட்டினார்கள். டீசலில் கலக்கிற மருந்து ஏதாவது ஊற்றிப் பார்க்கலாமென்று இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார்.

"இது டீசலைச் சீக்கிரம் பத்திக்க வைக்கும், ஸ்டார்ட்டிங்குக்கு நல்லது. இது வழவழப்புக்கு. இப்ப வர்ற டீசல்ல கந்தகத்தை எடுக்கிறப்போ வழவழப்பும் சேர்ந்து போயிடுது, பழைய பம்பு தேய ஆரம்பிச்சிடும். இது கிளீனர். உள்ள இருக்கிற கரி, பிசுக்கு எல்லாத்தையும் கழுவிடும்."

"எங்க வண்டிக்கு எது?" என்று கேட்டேன்.

"முதல்ல வழவழப்பு ஊத்துங்க. கிளீனர்தான் வேணும்னா கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பழைய டேங்க்கு அடியில வருஷக்கணக்கா சகதி படிஞ்சிருக்கும். ஒரேயடியா ஊத்தினா மொத்தமும் கிளம்பி ஃபில்டரை அடைச்சிடும்."

எனக்கு அப்போதே அந்தப் பாட்டிலைப் பிடிக்கவில்லை. அண்ணிக்குப் பொறுமை கிடையாது. "புகையை நிறுத்தணும்டி. வழவழப்பாம். நம்ம வண்டிக்கு என்ன தோல் வறண்டா கிடக்கு?" என்று கிளீனரை எடுத்துக்கொண்டாள்.

பங்க்கில் பாதி டேங்க்தான் டீசல் போட்டோம். பாட்டில் முழு டேங்க்குக்கானது.

"பாதி மட்டும் ஊத்துங்க அண்ணி."

"மீதியை வச்சுக் கண்காட்சியா நடத்தப்போறோம்?"

பாட்டிலைக் கவிழ்த்தே விட்டாள்.

அதற்குப் பிறகு வேன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது, புகையும் குறைந்தது. அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நடையில் மேலே ஏறும்போது எஞ்சின் ஒருமுறை விக்கியது. நான் சட்டென்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். "ஒரு விக்கலுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் அண்ணி.

மத்தியானம் நான்கு பேரும் களைத்துப்போய் ஏறினார்கள். இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரும்போது அப்படித்தான் துவண்டிருப்பார்கள். டீச்சரம்மா கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டைப் பிடித்தபடி எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். பழைய பஸ் கண்டக்டர், நாங்கள் விசில் மாமா என்று கூப்பிடுகிறவர், ஏறியதுமே தூங்கிப்போனார். மற்ற இருவரும் கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இறக்கத்தில் முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவுக்காகக் கியர் மாற்ற அண்ணி கிளட்சை மிதித்தாள். எஞ்சின் சத்தம் அப்படியே அறுந்துபோனது.

வண்டி நின்றால் நிசப்தம் வரும், அது பழக்கம். ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குள் அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. டயர் உருளும் சத்தமும் காற்றும் மட்டும். டாஷ்போர்டில் விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

அண்ணி பிரேக்கை மிதித்தாள். கொஞ்சம் பிடித்தது. மறுபடி மிதித்தாள். மூன்றாம் முறை அவள் கால் கீழே இறங்கவேயில்லை.

"கல்லு மாதிரி இருக்குடி," என்றாள். அவளுடைய குரலே இல்லை அது.

ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்து அந்த வளைவைத் திருப்பினாள். என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பாதையோரக் கல் ஒன்று கை தொடுகிற தூரத்தில் போனது. அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நான்கு பேரும் விழித்திருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

வேகம் கூடிக்கொண்டே போனது. அண்ணி வலது காலால் பிரேக்கின்மேல் ஏறி நின்றாள். இடது கால் கிளட்சின்மேல் விறைத்துக் கிடந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். சட்டென்று தன் காலைத் தானே திட்டினாள்.

"எடுடி காலை! கிளட்சை விடுடி, தடிச்சி!"

இரண்டாவது கியரில் அடித்துப் போட்டுக் காலை எடுத்தாள். இரும்பு கத்தியது. முன்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் வேன் குலுங்கியது. டீச்சரம்மா என் சீட்டில் வந்து மோதினார். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற ஆரம்பித்ததும் வேகம் தணிந்தது. செத்த எஞ்சினானாலும் அது சுழன்றால் பிரேக்குக்கு உயிர் வரும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம் அண்ணியின் கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதுதான்.

"ஹேண்ட்பிரேக்! இழு!"

இரண்டு கையாலும் இழுத்தேன். அண்ணி வண்டியை மலைப்பக்கமாக ஒடித்தாள். மண்சரிவில் பக்கவாட்டில் உரசி, ஒரு கண்ணாடியைப் பலிகொடுத்து, வேன் நின்றது.

விசில் மாமா, "ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல நிறுத்திட்டியேம்மா," என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

பயம் தீர்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் டீச்சரம்மா, "பாப்பா, இங்க பாரு," என்றார். மோதியதில் கையின் கட்டு நகர்ந்திருந்தது. விரல்களின் இடுக்கில் இரத்தம் ஓடி மடியெல்லாம் நனைந்திருந்தது. டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்துவைத்த கை அது, இரத்தம் கிளம்பினால் லேசில் நிற்காது என்று நர்ஸ் எங்களிடம் சொல்லியிருக்கிறார். பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். என் விரலுக்கடியில் இரத்தக்குழாய் துடித்தது. டீச்சரம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை.

"அண்ணி, போயாகணும். மேல ஏற இந்த எஞ்சினால முடியாது, கீழதான்."

அண்ணி சீட்டைத் தூக்கி ஃபில்டரின் அடித் திருகைத் திறந்தாள். டீசல் வரவேண்டிய இடத்தில் கூழ்போலக் கறுப்பாக ஏதோ வழிந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை. டீசல் தெளிந்து வரும்வரை ஃபில்டரின்மேல் இருக்கும் கைப்பம்பை அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள். பலமுறை இருமிய பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆனால் அவளால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

"மறுபடி நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். முதல் கியர்லயே போங்க. கிளட்ச் பக்கமே போகாதீங்க."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த நேரத்தில் யாராவது எதையாவது உறுதியாகச் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். எஞ்சின் ஓலமிட, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் அது விக்கியது. இரண்டு முறையும் அண்ணி, "வேணாம், வேணாம்," என்று அதனிடம் கெஞ்சினாள். அடிவாரத்துக் கிளினிக்கில் நர்ஸ் வந்து என் விரலை எடுக்கச் சொன்னபோது அது மடங்கவே இல்லை. இரத்தம் நின்றிருந்தது.

மெக்கானிக் டேங்க்கையே கழற்றிக் கவிழ்த்தார். அடியிலிருந்து வந்த சகதியைப் பார்த்து, "இத்தனை நாள் ஓடினதே பெரிசு," என்றார். டேங்க்கைக் கழுவி, ஃபில்டரைப் புதிதாக மாற்றினார். அண்ணி கடைக்குப் போய், வழவழப்புப் பாட்டிலை வாங்கிவந்து, மூடியில் அளந்து ஊற்றினாள். அவள் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த நடைக்கு நான்கு பேரும் வாசலில் நின்றார்கள். டீச்சரம்மாவும்தான். மேலே போனது பெரிதாகத் தெரியவில்லை. திரும்பும்போது, இறக்கம் தொடங்குகிற இடத்தில், அண்ணி வண்டியை ஓரம்கட்டினாள். வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா போம்மா," என்றார் டீச்சரம்மா பின்னாலிருந்து. "எனக்கு வீட்டுல ஒரு அவசரமும் இல்ல."

அண்ணி இரண்டாவது கியரைப் போட்டாள். இறக்கம் முழுக்க நான் பேச்சுக் கொடுக்கவில்லை. என் கை ஹேண்ட்பிரேக்கின்மேலேயே இருந்தது.

கடைசி ஆளையும் வீட்டில் இறக்கிவிட்டபின், அண்ணி வேனுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். நான் தண்ணீர் ஊற்ற, முகத்தைக் கழுவினாள். தலைப்பில் துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள்.