பதினாறு கணினிக்கு இரண்டு கையெழுத்து

அரசாங்கக் கடிதம் வந்தேவிட்டது. வரவேண்டிய நாளுக்கு ஒரு மாதம் பிந்தி, தலைப்பு மூன்று மொழியிலும், விஷயம் ஆங்கிலத்தில் மட்டும். சேதி இதுதான்: கம்பஸில் கணிதம் படிப்பிக்கும் கலாநிதி சுடலைமுத்துவின் சமாந்தரக் கணிப்பு ஆராய்ச்சிக்குப் பதினாறு கணினி வாங்கிக்கொள்ள, விஞ்ஞான ஆராய்ச்சி நிதியிலிருந்து மூன்று வருஷ உதவி.

நான்கு வருஷம் நாயாய் அலைந்து பெற்றது. ஒரு அரசாங்கக் கந்தோரில், “ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறதே, அதையே வேகமாக ஓட்டினால் என்ன?” என்று கேட்டார்கள். இன்னொரு கந்தோரில், யுத்தம் நடக்கிற நாட்டுக்கு இதெல்லாம் தேவையா என்றார்கள். எல்லாக் கேள்விக்கும் மூன்று பிரதியில் பதில் எழுதிக் கொடுத்தார் மனுஷர்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், மேல்மாடி அறையில், கட்டிலில் உட்கார்ந்து கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. யாருக்குச் சொல்வது? தாய் தகப்பன் எழுபத்தாறிலேயே, தோட்டத் தொழிலாளரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய், கோத்தகிரியில் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர்களோ கனடா விசா வந்ததும் பெட்டியைத் தூக்குகிறவர்கள், பேர் தெரிவதற்குள் ஆள் மாறிவிடும். கீழே இறங்கிச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வடை கூடுதலாக வாங்கித் தின்றார். கொண்டாட்டம் அவ்வளவுதான். கல்லாவில் இருந்தவர், “என்ன மாஸ்டர், இண்டைக்கு விசேஷமோ?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதே இருப்பார். அந்த ஆள் கேட்கவில்லை.

அவருடைய கணக்கு மழைக் கணக்கு. மலைநாட்டில் எந்தச் சரிவில் எவ்வளவு தண்ணீர் இறங்கினால் மண் இளகும் என்று பார்ப்பது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவருக்கு அது வெறும் படிப்பு இல்லை. ஒரு ஐப்பசி மழையில் கீழ் லயத்தில் ஏழு வீட்டை மண் மூடியதை எட்டு வயதில் கண்ணால் கண்டவர். ஆனால் மூன்று நாள் மழைக்குக் கணக்குப் போட்டு முடிக்க, இருந்த ஒற்றைக் கணினிக்குப் பதினொரு நாள் பிடித்தது. மழையும் விட்டு, மண்ணும் சரிந்து, செத்தவீடும் முடிந்த பிறகு வருகிற விடையை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது?

மலையைப் பதினாறு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டால் கதை வேறு. எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்கும், தன் எல்லையில் வழிகிற தண்ணீரைப் பக்கத்துக் கணினிக்குச் சொல்லிவிடும், விடை ஒரு நாளில் வந்துவிடும். சனங்களைப் பிள்ளைகுட்டியோடு வெளியே எடுத்துவிடலாம். சமாந்தரக் கணிப்பு என்பது இவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

விஷயத்தின் கொடுக்கு இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நிரந்தர அரச சேவையில் உள்ள இரண்டு பேர், சமாதான நீதவான் முன்னிலையில், அவருக்குப் பிணை நின்று கையெழுத்திடவேண்டும். டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் பத்திரம் வந்து சேராவிட்டால் நிதி திறைசேரிக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு டிசம்பர் பதினாலு, தொண்ணூற்றெட்டாம் வருஷம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தமிழர்கள் கொழும்பில் நடந்த காலம். அந்தக் காலத்தில் போய், ‘எனக்குப் பொறுப்பு நில்லுங்கள்’ என்று யாரிடம் கேட்பது?

முதலில் கம்பஸில் கூட வேலை செய்யும் ஜயதிஸ்ஸவிடம் கேட்டார். ஜயதிஸ்ஸ நல்ல மனுஷன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் முன்பு யாருக்கோ பிணை நின்று, அந்த ஆள் படிக்கவென்று அவுஸ்திரேலியா போய் அங்கேயே இருந்துவிட்டான். அன்றிலிருந்து மாதாமாதம் இவர் சம்பளத்தில் வெட்டு. இனிமேல் எவனுக்கும் பேனாவைத் திறக்கமாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அடுத்தது பூபாலசிங்கம். பக்கத்து மாடிவீட்டுக்காரர், அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கணக்காளர், யாழ்ப்பாணத்தவர்.

“தம்பி, குறை நினையாதையும். நானே ஒரு தமிழன். இன்னொரு தமிழனுக்குப் பிணை நிண்டால் ரெண்டு பேரையும் சேர்த்தெல்லோ விசாரிப்பாங்கள்?”

“ஆராய்ச்சிக்குத்தானே ஐயா.”

“ஓம், ஓம். எண்டாலும் உம்மைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?”

“ஒம்போது வருஷமா ஒரே ஒழுங்கையில இருக்கோம் ஐயா.”

“அது றோட்டில கண்டு கதைக்கிறது. உம்மட ஆக்கள் ஒருத்தரையும் தெரியாதே.”

அந்த ‘உம்மட ஆக்கள்’ நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கொழும்புக்கு அவர் தமிழர், வெள்ளவத்தைத் தமிழருக்கு அவர் தோட்டத்தார். ‘என்ட ஆக்கள் கோத்தகிரி மண்ணுக்குள்ள இருக்காங்க, போய்க் கேட்டுப் பாருங்க’ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. “பரவாயில்லீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்னும் ஐந்து பேரிடம் கேட்டார். ஒருவர் யோசிப்போம் என்றார், ஒருவர் லீவில் போய்விட்டார், மற்றவர்கள் அவரைக் கண்டதும் வராந்தாவின் மறுபக்கத்தால் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

இருபத்தெட்டாம் திகதி, கம்பஸ் களஞ்சியத்துப் பொறுப்பாளர் மக்கீன் மறித்துப் பிடித்தார். தெஹிவளை ஆள், சுடலைமுத்துவின் பழைய கணினிக்கு ஒவ்வொரு வயரையும் தேடித் தந்தவர்.

“என்ன சேர், ரெண்டு கெழமையா மொகத்தத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறீங்க? செல்லுங்க.”

சொன்னார்.

“அட அல்லாஹ்! இதுக்கா ஊரெல்லாம் கெஞ்சித் திரிஞ்சீங்க? நான் ஒருத்தன் இங்க ஈக்கிறேன் தானே? இருவத்திரண்டு வருஷ சர்வீஸ். என்ட கையெழுத்து செல்லாதா?”

கேட்கவேண்டும் என்ற நினைப்பே சுடலைமுத்துவுக்கு வந்திருக்கவில்லை. தன்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை என்று மற்றவர்களை நொந்துகொண்டிருந்தவர், தினமும் முன்னால் நின்ற மனிதரை ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. மக்கீன் அன்று பின்னேரமே தெஹிவளையில் தனக்குத் தெரிந்த நீதவான் முன்னால், காட்டிய இடமெல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பத்திரத்தை வாசிக்கக்கூட இல்லை.

ஒன்று ஆயிற்று. இன்னொன்றுக்கு எங்கே போவது என்று அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் மற்ற எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு திரிந்தார்.

மேபல் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டில்தான் சுடலைமுத்து வேலை கிடைத்த புதிதில் வாடகைக்கு இருந்தார். எண்பத்திரண்டில் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது, அவருக்கு அன்றைக்குப் பிணை நின்றதும் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த மேபலின் அப்பாதான். அவர் பிள்ளையைத்தான் இவர் கட்டுவார் என்று தெருவே நினைத்தது. இவரும் அப்படித்தான் நினைத்தார். பிறகு எண்பத்துமூன்று கலவரம், கடிதம் நின்றது, அப்பா காலமானார். எண்பத்தெட்டில் படிப்பை முடித்து வந்தவர் ஒருமுறை கொட்டாஞ்சேனைக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டார். பத்து வருஷமாக அந்த ஒரு பூட்டையே தனக்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கோழை.

முப்பதாம் திகதி மத்தியானம் போய்க் கதவைத் தட்டினார். மேபல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முன்தலையில் நரை, மற்றப்படி அதே மேபல்.

“முத்துவா? நாட்டுக்கு வந்துட்டீங்கனு பத்து வருஷத்துக்கு முந்தியே கேள்விப்பட்டேன். கொட்டாஞ்சேனைக்கு பஸ் கிடைக்க இவ்வளவு நாள் எடுத்திச்சா?”

தேத்தண்ணியும் கிறிஸ்மஸ் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். தம்பி இத்தாலியில், அம்மாவும் காலமாகிவிட்டா, வீட்டில் அவள் ஒருத்தி.

“அப்பா சாகிற வரைக்கும் ஒரே கதைதான். முத்து திரும்பி வருவான், என் பென்ஷனில கை வைக்க விடமாட்டான்னு.”

“அதுக்காகத்தான் நாட்டுக்குத் திரும்பி வந்தேன், மேபல்.”

“அதுக்காக மட்டுமா?”

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு, “உங்ககிட்ட இருந்து கடிதம் வரலையே” என்றார்.

“கலவரத்துக்குப் பிறகு நீங்க எழுதுவீங்கனு நான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“நான், நீங்க உசிரோட இருக்கிறதா ஒரு வரி எழுதினா பதில் போடலாம்னு...” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். “எங்க வேலையில இப்படி நடக்கும். ரெண்டு கணினி, மத்தது முதல்ல பேசட்டும்னு ரெண்டும் காத்துக்கிட்டு நிக்கும். கரண்ட் போற வரைக்கும் அப்படியே நிக்கும்.”

“அப்போ என்ன செய்வீங்க?”

“ஒண்ண நிப்பாட்டிடுவோம்.”

மேபலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், இத்தனை வருஷத்தில் தான் யாரோடும் உட்கார்ந்து சிரிக்கவில்லை என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் நேரம் மூன்றாகிவிட்டது. பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார்.

“ஓ” என்றாள் மேபல். “இதுக்கா வந்தீங்க?”

மலையையும் மழையையும் பதினாறு துண்டையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அவள் கேக் தட்டை ஒரு பக்கம் நகர்த்திவைத்தாள்.

“சேவியர் மாஸ்டர்தான் இங்க நீதவான். நாலு மணிக்குப் படுத்திடுவார். இருங்க, சாரி மாத்திக்கிட்டு வாறேன்.”

தெருவில் தூறல். ஒரே குடைக்குள் நடந்தார்கள். சந்தியில் காவலரண். சிப்பாய் இரண்டு அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோனாவும் மஹத்தயாவும், அதாவது அம்மாவும் ஐயாவும், ஒன்றாகவா என்று சிங்களத்தில் கேட்டான். “ஒவ்”, ஆமாம், என்றாள் மேபல். சாதாரணமாகத்தான் சொன்னாள். சுடலைமுத்து குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். கேட்டுவிடவேண்டும், கையெழுத்து முடிந்து வெளியே வந்ததும் இதே குடைக்குள் வைத்துக் கேட்டுவிடவேண்டும் என்று நினைத்தார். நாற்பத்துமூன்று வயது ஒரு வயதா? நடக்க நடக்க அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

சேவியர் மாஸ்டர் எழுத்துக்கு எழுத்து வாசிக்கிற ஆள். மக்கீனும் வாசிக்காத, சுடலைமுத்துவும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்ட மூன்றாம் பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துச் சத்தமாக வாசித்தார். புண்ணியத்துக்குப் பத்திரம் மட்டும் தமிழில் இருந்தது.

“பிணையாளர் மனுதாரரின் வாழ்க்கைத் துணையோ உறவினரோ அல்லர். பிணை நடைமுறையிலிருக்கும் மூன்று வருட காலத்தில் அவ்வாறு ஆகவும் மாட்டார். ஆகுமிடத்து உதவி அன்றே இரத்தாகும்.” கண்ணாடியைக் கழற்றினார். “மேபல், இதில உன் கையாலயே எழுதணும். இவர் உனக்கு என்ன முறை?”

மேபல் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. நீதவானையும் பார்க்கவில்லை.

“என்ன எழுத, முத்து?”

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு நன்றாக விளங்கியது. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் பொறுப்போம் மேபல், பதினாறு வருஷம் போனதில் மூன்று என்ன பெரிது என்று, நீதவான் இருந்தால் இருக்கட்டும் என்று, சொல்லியிருக்கலாம். வாய்க்குள் கொழுக்கட்டையா இருந்தது? நாளைக்குக் கடைசி நாள் என்பதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வேறு எந்தக் கதவும் மிச்சமில்லை என்பதும், மண்ணுக்குள் போன ஏழு வீட்டு ஆட்களின் பேரும் வரிசையாக ஞாபகம் வந்தன. காத்திரு என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது என்றும் நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்தார். மேபல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“ஒரு முறையும் இல்லைனு எழுதுங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்குகிற அட்டையில் எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, ‘எந்த உறவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். பேனாவை மூடி அவர் பக்கம் நீட்டினாள்.

“இனி மழைக்கு முந்தியே சொல்லிடுவீங்களா?”

“சொல்லிடுவோம், மேபல்.”

“அது நடந்தா சரி.”

நீதவான் முத்திரையை மையில் தோய்த்துக் குத்தி, காய்வதற்காக ஊதினார். வேலை இவ்வளவு சுருக்காக முடிந்ததில் மனுஷருக்குப் பரம திருப்தி.

“நல்ல காலம், நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணுமில்ல. சொந்தக்காரங்க வந்தா எனக்குத்தான் தலையிடி.”