எட்டு கிலோ பொய்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முப்பத்தெட்டு வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கற்களுக்கு முத்திரை குத்தியவன் நான். கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் என் பிழைப்பிலேயே கிடையாது. சந்தேகம் இருந்தால் என் சம்பந்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துப் பிசகாமல் அவரும் இதையேதான் சொல்வார்.

காலை ஏழு மணிக்கு மலைப்பாதையின் மரக்கதவருகே எங்கள் இருவரையும் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார் மாப்பிள்ளை. முதுகில் ஆளுக்கொரு பெரிய பை, காலில் கடை வாசம் போகாத பூட்ஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்றி, உச்சியைத் தொட்டுவிட்டு அதே கதவுக்கு வந்து சேர வேண்டும். ஏற்பாடு என் மகளுடையது. அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். "பிரசவத்தன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்களும் மாமாவும் ஆளுக்கொரு மூலையப் பாத்து உக்காந்திருந்தீங்கன்னா, பிள்ளைய ரெண்டு பேர் கண்ணுலயும் காட்டமாட்டேன். பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். அவள் அம்மா மாதிரி.

நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி நாற்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். படியேறுவதைத் தொழில் துரோகமாகக் கருதுகிறவர். பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன அன்று, அவர் பராமரிக்கும் லிஃப்டில் ஏழு பேர் ஏறினோம். பாரம் கூடிவிட்டது என்று மணி அடித்தது. நான் ஒவ்வொருவரையும் கண்ணாலேயே எடை போட்டேன். கூட்டிப் பார்த்தால் லிஃப்ட் காட்டிய எடையைவிட எட்டு கிலோ குறைவாக, அளவுக்கு உள்ளேதான் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். வாய் யாரைக் கேட்கிறது? "உங்க லிஃப்ட் எட்டு கிலோ பொய் சொல்லுது, சம்பந்தி" என்றேன், அத்தனை பேர் முன்னால். அவர் வெளியே இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படியேறிப் போனார்.

மரக்கதவை ஒட்டி ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினோம். "நீங்க முன்னால போங்க" என்றார். அது பேச்சில் சேராது, மரியாதை. "பெரியவங்க, நீங்க போங்க" என்றேன். "உங்களவிட நான் நாலு மாசம் சின்னவன்." இப்படியே முக்கால் மணி நேரம் ஓடியது. அதற்குள் ஒரு நத்தை எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு பாதையில் ஏறிப் போய்விட்டது.

பிறகு ஏறினோம். எப்படி என்று கேட்காதீர்கள், ஏறினோம். மேலே போகப்போக எடை குறையும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த மலையில் அது கொஞ்சம் தாராளமாகவே குறைந்தது. பதினான்கு கிலோ இருந்த பை பாதி வழியில் ஏழு கிலோ. மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கிய இடத்தில் தலையணை. இளைப்பாறலாம் என்று இறக்கி வைத்தால் மேலே கிளம்பப் பார்த்தது. பாறாங்கல் ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். கல்லும் சேர்ந்து கிளம்பியது. "சரியாப் போச்சு" என்றார் சம்பந்தி. இரண்டு வருஷத்தில் அவராக என்னிடம் வாய் திறந்தது அதற்குத்தான்.

உச்சியில் காற்று. மனிதர் ஏற்கெனவே ஒல்லி. பூட்ஸ் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின. பாய்ந்து கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். "விட்டுடாதீங்க சம்பந்தி! பேரப்பிள்ளையப் பாக்கணும்!" என்று கத்தினார். இவரைத் தரையில் நிறுத்த இன்னும் ஓர் எட்டு கிலோ போதும் என்று என் தொழில் புத்தி கணக்குப் போட்டது. எட்டு கிலோ.

"சம்பந்தி, அன்னைக்கு உங்க லிஃப்ட் பொய் சொல்லல. என் தோள்பையில சோதனைக் கல்லு ரெண்டு கெடந்துச்சு, அஞ்சு கிலோ ஒண்ணு, மூணு கிலோ ஒண்ணு. அத எண்ண மறந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வாய் வரல."

மேலேயிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். "பதினோரு தடவ அந்த லிஃப்டப் பிரிச்சு மாட்டிட்டேன்" என்றார், குரல் கம்ம. "ஒரு குத்தமும் இல்ல. எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துருச்சு. நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

"இல்ல" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கோ, இரண்டு வருஷப் பாரம் இறங்கிய வேகத்தில் என் காலும் தரையை விட்டுவிட்டது. பிடித்துக்கொள்ள இனி ஆள் இல்லை. கையைக் கோத்துக்கொண்டோம்; இரண்டு பேர் எடையும் சேர்ந்ததில் மெல்லக் கீழே மிதந்தோம். மேகம், பாறை, மரம் எல்லாம் மாடி மாடியாக எங்களைக் கடந்து மேலே போயின. "எந்த மாடி சார்?" என்று கேட்டார், பழக்கதோஷத்தில். "தரைத்தளம்" என்றேன். ஆடாமல் குலுங்காமல் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். நத்தை இன்னும் முதல் வளைவைத் தாண்டியிருக்கவில்லை.

ஆறு மணிக்குக் கார் வந்தது. மகளும் வந்திருந்தாள். நாங்கள் ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியை இறக்கி, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் கேட்டாள்: "எது வரைக்கும்ப்பா போனீங்க?"

"உச்சி வரைக்கும்" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

கார் புதுசு, சேறு ஆகிவிடும் என்று மாப்பிள்ளை எங்கள் பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பின்னால் கவிழ்த்து வைத்தார். நான்கு பூட்ஸின் அடியிலும் கடையில் ஒட்டிய விலைச்சீட்டு அழுக்குப் படாமல் அப்படியே இருந்தது.