நாயெலும்பும் ஒரு வாளி ஐஸ்கிரீமும்

லவோனா வீடு போலவே எல்லா வசதியும் கொண்ட மோட்டார்ஹோமை நிறுத்தி இறங்குவதற்குள் கணவரின் அண்ணன் ராய்ஸ் கைகளை விரித்துக்கொண்டு எதிரே வந்துவிட்டார். கொட்டகை ஓரமாகப் புதுக் கம்பம் ஒன்று நட்டிருந்தார். கம்பத்தில் வண்டிக்கு மின்சாரம் தர ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன். வருஷாந்தரக் கூடலுக்கு வந்த குடும்பம் மொத்தமும் பெக்கன் மரத்தடியில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்காகவே போட்டது, கண்ணு. முப்பது ஆம்பியர். இந்த வருஷமும் தம்பி வர முடியலன்னு சொல்லக் கூடாதுல்ல?"

லவோனாவுக்கு நிஜமாகவே மனசு இளகிப்போனது. கணவர் எல்டன் முப்பது வருஷம் தானியக் கிடங்கில் தூசியைச் சுவாசித்தவர். இப்போது மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினும் இல்லாமல் அவரால் அரை மணி நேரம்கூட இருக்க முடியாது. வண்டியின் ஜெனரேட்டர் முந்தின நாள் வழியிலேயே மண்டையைப் போட்டுவிட்டது. அன்று காலையிலிருந்து கையடக்க மெஷினின் பேட்டரியில்தான் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

அவள் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அதன் கனமான கேபிளை இழுத்துப் போட்டாள். அதன் நுனியில் மாட்ட நாயெலும்பு என்ற அடாப்டரை எடுத்தாள். ஐம்பது ஆம்பியர் வண்டியை முப்பதில் சொருக வேண்டுமானால் நடுவில் அது வேண்டும். இரண்டு முனையும் பருத்து இடுப்பு சிறுத்திருப்பதால் வண்டிக்காரர்கள் வைத்த பெயர். பிறகு வழக்கம்போல வோல்ட் மீட்டரை எடுத்தாள். ராய்ஸின் முகத்திலிருந்த சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

"அது எதுக்கு? நாப்பது வருஷமா இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவன் நான்."

"யார் போட்டாலும் பாத்துட்டுத்தான் சொருகுவேன் ராய்ஸ். தப்பா எடுத்துக்காதீங்க."

மீட்டரின் இரண்டு முள்ளையும் பெட்டியின் துளைகளில் வைத்தாள். மீட்டர் இருநூற்று நாற்பது வோல்ட் என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான்.

"இருநூத்தி நாப்பது வருது."

"பின்ன? முப்பது ஆம்பியர்னா அதானே! எங்க வீட்டு டிரையருக்கும் அதான் போட்டிருக்கேன்."

லவோனா முட்களை வெளியே உருவினாள். வீட்டு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு இது. முப்பது ஆம்பியர் என்றதும் அவர்கள் கை தானாகத் துணி காயவைக்கும் மெஷினுக்கான இணைப்பைக் கொடுத்துவிடும். வண்டிக்குள் இருப்பதெல்லாம், அமெரிக்க வீட்டுச் சாமான் பலவற்றையும் போல, நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்த சாமான். ஃப்ரிட்ஜ், ஏசி, ஆக்ஸிஜன் மெஷின் எல்லாமே.

"வண்டியோட முப்பது வேற ராய்ஸ். ஒண்ணு கரண்ட், ஒண்ணு நியூட்ரல், ஒண்ணு எர்த். நூத்திருபதுதான் வரணும்."

"உன் வண்டி ஐம்பது ஆம்பியர்தானே? அதுக்கே இருநூத்தி நாப்பது போகுதே, எனக்குத் தெரியாதா?"

"அங்க ரெண்டு நூத்திருபதா பிரிஞ்சு வரும். இந்த நாயெலும்பு வழியா வந்தா பிரியாது. எல்லாச் சாமானுக்கும் இருநூத்தி நாப்பது ஏறிடும்."

"நாயெலும்பாம்!" மரத்தடியிலிருந்து யாரோ குரைத்துக் காட்டினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ராய்ஸின் மனைவி ஜூனெல் எலுமிச்சை ஜூஸ் ஜாடியோடு வந்தாள். "மூணு நாள் வெயில்ல நின்னு குழி வெட்டினாரு, லவோனா. இடுப்பு புடிச்சுக்கிச்சு. ஒரு நன்றி சொல்லிட்டுச் சொருகினா என்ன, கொறஞ்சா போவே?"

லவோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழி வெட்டினால் கம்பி தானாகச் சரியாகிவிடுமா? எல்டன் படுத்த நாள் முதல் வெயிலோ மழையோ எல்லா ஊரிலும் இந்த வேலையைச் செய்வது அவள். ஆறு வருஷத்தில் ஒரு பல்புகூடப் போனதில்லை. எல்டன் இதே மீட்டரை வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் அவர் ஜாக்கிரதையான ஆள் என்று இதே கூட்டம்தான் மெச்சியது. அவள் கைக்கு வந்ததும் அது மரியாதைக்குறைவாகிவிட்டது! எண் பளிச்சென்று தெரிகிறது, ஒருத்தராவது எழுந்து வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அவள் பேச்சை வளர்க்கவில்லை. கேரேஜுக்குப் போய் அங்கிருந்த சாதாரண பிளக் பாயிண்டைச் சோதித்தாள். நூற்றிருபது, சுத்தமாக இருந்தது. ஆனால் பதினைந்து ஆம்பியர்தான் தாங்கும். தடித்த எக்ஸ்டென்ஷன் கேபிளை அங்கிருந்து இழுத்து, வேறொரு அடாப்டர் வைத்து வண்டியை அதில் மாட்டினாள். மாட்டுவதற்கு முன் ஏசி, வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் மூன்றின் பிரேக்கர் சுவிட்சையும் இறக்கி அணைத்தாள். ஆக்ஸிஜன் மெஷினும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடின.

மூச்சுக்கு வழி கிடைத்தது, வெயிலுக்குக் கிடைக்கவில்லை. ஓக்லஹோமாவின் ஜூலை மாதம் அது, ஒரு மணிக்கெல்லாம் வண்டி அடுப்பாகிவிட்டது. வீட்டுக்குள் போகலாமென்றால் வாசலில் பதினோரு படி. எல்டன் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவார். இப்போது அவருடைய பனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"அவர் சொல்றபடி சொருகிடேன், லவோனா. அண்ணன்கிட்ட எதுக்கு வம்பு?"

"உங்க மூச்சு அந்தக் கம்பியில தொங்குது. உங்க அண்ணன் மனசு நோகுமேன்னு உங்கள வறுத்தெடுக்கணுமா?"

எல்டன் கண்ணை மூடிக்கொண்டார். சொந்தப் புருஷனே இப்படிச் சொன்னது மற்ற எல்லோருடைய சிரிப்பையும்விட அவளுக்கு அதிகமாக வலித்தது. துண்டை நனைத்து வர வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது ராய்ஸ் வண்டியின் கனமான கேபிளைக் கம்பத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையை வண்டியில் மாட்டியாகிவிட்டது. கேரேஜ் கேபிள் கழன்று புல்லில் கிடந்தது. நாயெலும்பு அவர் கையில் இருந்தது.

"நிறுத்து!" லவோனா போட்ட கத்தலில் ஜூனெலின் ஜாடி சாய்ந்தது. ஓடிப்போய் அவர் கையிலிருந்து நாயெலும்பைப் பிடுங்கினாள். நீங்க வாங்க என்ற மரியாதையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே போய்விட்டது. "யார் கேட்டு கை வச்ச? மொதல்ல உன் சாமானச் சொருகிப் பாரு! அது பொழச்சா நானே என் வண்டியச் சொருகறேன்."

"பாத்துடலாம்!" என்றார் ராய்ஸ். முகம் சிவந்திருந்தது.

லவோனா முதலில் கேரேஜ் கேபிளைப் பழையபடி மாட்டி, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தாள். பிறகு முப்பது ஆம்பியர் பாயிண்டில் வீட்டுச் சாமான் மாட்டுவதற்கான சின்ன அடாப்டரைக் கொண்டுவந்தாள். ராய்ஸ் கண்ணில் பட்டதைத் தூக்கிவந்தார். மேஜை மேலிருந்த, மோட்டாரால் சுழற்றி ஐஸ்கிரீம் செய்யும் மின்வாளி அது. உள்ளே குடும்பத்துக்கே போதுமான பீச் பழ ஐஸ்கிரீம் பாதி இறுகியிருந்தது.

"ஐயோ, அது வேணாம், ராய்ஸ்," என்றாள் ஜூனெல்.

"நான் போட்ட கம்பி!" என்று சொருகினார்.

வாளியின் மோட்டார் உறுமவில்லை, அலறியது. மூடி நடுங்கி வாளியே தரையில் நகர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் நீலப் புகை கிளம்பி, பீச் வாசனைக்கு மேல் ரப்பர் கருகும் நாற்றம் ஏறியது. ராய்ஸ் பிளக்கைப் பிடுங்கினார். மரத்தடியில் ஒருவரும் குரைக்கவில்லை.

அவர் மெயின் சுவிட்சை இறக்கிப் பெட்டியைத் திறந்தார். கூட வேலை பார்த்த பழைய ஆளைப் போனில் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு புல்வெளி வரைக்கும் கேட்டது. ஒரு பிரேக்கரை மாற்றி ஒரு கம்பியை இடம் மாற்றும் வேலைதான் அது. இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல, சின்னக் கோளாறு. சரி பண்ணியாச்சு. குடு கண்ணு, நானே சொருகறேன்."

சின்னக் கோளாறாம்! லவோனா நாயெலும்பைக் கொடுக்கவில்லை. மீட்டரை அவர் கையில் வைத்தாள்.

"வச்சுப் பாத்துப் படி."

அவர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து முட்களை வைத்தார். "நூத்தி இருபத்தொண்ணு."

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே, சின்ன..."

"எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பது."

"அதுல நீ சொருக வந்தியே, இந்தக் கேபிளோட அந்த முனையில என்ன இருக்கு?"

"ஏசி இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு..."

"அப்புறம்?"

வண்டியின் ஜன்னலில் எல்டனின் முகம் தெரிந்தது. மூக்கில் குழாய், நெற்றியில் ஈரத் துண்டு. அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ராய்ஸும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"என் தம்பி," என்றார்.

லவோனா குனிந்து நாயெலும்பைப் பெட்டியில் அழுத்திச் சொருகினாள். ஏசி பிரேக்கரைத் தூக்க வண்டிப் பக்கம் நடந்தவள், படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"குரைச்சவங்களுக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லு."