சபீனாவைத் தூக்க நாலு பேர்

ஏரிக்கரை ஜமீனின் ஏஜெண்டு பாய்காட் துரை, குத்தகை கட்ட முடியாதவர்களை வெளியேற்றப் பார்த்தார். போன அறுவடைக்கு அவர் வயலில் ஒருவரும் இறங்கவில்லை. கடையில் சாமான் கிடைக்கவில்லை, துணி வெளுக்கவும் ஆள் இல்லை. குளிர்காலத்துக்குள் அவர் பெயரே ஒரு வினைச்சொல்லாகி எங்கள் மேயோ மாவட்டம் முழுக்கப் புழங்கியது. 'அவனைப் பாய்காட் பண்ணு' என்றால், அடிக்காதே, திட்டாதே, அப்படியொருவன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதே என்று பொருள்.

எங்கள் ஊரில் அந்தச் சொல் விழுந்தது என் கணவரின் அண்ணன் ஃபெஸ்டஸ் ருவேன் தலையில். ஜமீன் ஒரு விதவையை விரட்டிப் பிடுங்கிய நிலத்தை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகைக்காரர் சங்கத்தில் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னவர் என் கணவர் ஆஸ்டின். நியாயம்தான், நானும் கைதூக்கினேன்.

ஈஸ்டருக்கு முன் ஃபெஸ்டஸின் மனைவி சபீனா காய்ச்சலில் இறந்துபோனாள். எங்கள் வழக்கப்படி பெட்டியைத் தூக்கும் நாலு பேரும் அதே குடும்பப் பெயர்க்காரர்களாக இருக்க வேண்டும். ருவேன் ஆண்கள் அத்தனை பேரும் சங்கத்தில் இருந்தார்கள்.

"நீங்க போகலைன்னா பொம்பளைங்க நாங்க தூக்குறோம். ஊரே சிரிக்கட்டும்" என்றேன்.

"செத்தவளை யாருடி பாய்காட் பண்ணினா? நாங்க தூக்குறோம். ஆனா அவன்கிட்ட பேச மாட்டோம்" என்றார் ஆஸ்டின்.

அப்படியே செய்தார்கள். ஃபெஸ்டஸ் பெட்டிக்குப் பின்னால் தனியாக நடந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழியருகே அவர் உடைந்துவிட்டார். "ஆஸ்டின், ஒரு வார்த்தை பேசுடா."

ஆஸ்டின் பெட்டிமேல் கை வைத்தார். "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அந்த நிலத்தை விட்டுட்டு வந்தா நம்ம வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்."

ஃபெஸ்டஸ் மண்டியிட்டார். "சபீனா, உன் கொழுந்தன்கிட்ட சொல்லு. நாளைக்கே விட்டுடறேன்."

பெட்டி இறங்கியது, மண் மூடியது. அதன்பிறகு அவர்களுக்கு நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. நாளை வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

"பெரியத்தான், கிழங்கு வெந்திருக்கும். வீட்டுக்கு வாங்க" என்றேன்.