தொப்புளில் ஒரு வளையம்

நாற்பதை நெருங்குகிற வயதில் தொப்புள் குத்திக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. இந்த வயிற்றைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு, என்னைத் தவிர. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதிலிருந்து நாத்தனார் வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றும் முன்பே என் வயிற்றில் கை வைத்து, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்பாள். கடையில் பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல.

குத்திவிட்ட பெண் கறார் பேர்வழி. "ஆறு மாசமாவது ஆகும், ஒரு வருஷம்கூட இழுக்கும். உப்புத் தண்ணில கழுவி ஒத்தி எடுங்க. திருகாதீங்க, பொருக்கைப் பிய்க்காதீங்க. சும்மா சும்மா கை வைக்காதீங்க, வேற யாரையும் வைக்க விடாதீங்க" என்றாள். கடைசியாகச் சொன்னது எனக்குத் தேனாக இனித்தது.

ஆனால் என் பிழைப்பு கால்சட்டைத் தொழிற்சாலையில் இடுப்புப்பட்டி தைப்பது. ஊருக்கெல்லாம் பட்டி தைக்கிற எனக்கு என் சீருடையின் பட்டியே எமனாக வந்தது. வளையத்தின் மேலேயே உட்கார்ந்து நாள் முழுக்கத் தேய்த்தது. சுற்றிலும் சிவந்துபோனது.

என் வீட்டுக்காரருக்கு முடிதிருத்தும் கடை. கத்தி கீறினால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பாசமாக வந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"எரிஞ்சாத்தான் ஆறும்" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய் அந்த வாரம் முழுக்கப் போடவிட்டேன். தோல் காய்ந்து உரிந்து வீங்கியது.

சேதி தெரிந்து நாத்தனார் வந்தாள். "கழட்டி எறி! யாராவது வயித்துல போய் ஓட்டை போடுவாங்களா? நாளைக்கு ஒண்ணு உண்டானா என்ன பண்ணுவே?"

வீட்டுக்காரரும், "கழட்டிடேன்மா" என்றார். வலியைத் தாங்கிக்கொள்வேன், இதையும் இழக்கச் சொல்கிறார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நேராகக் குத்தியவளிடமே போனேன். குனிந்து பார்த்தாள். "சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல. ஸ்பிரிட் தோலைப் பொசுக்கியிருக்கு, பட்டி தேச்சிருக்கு, அவ்வளவுதான். சீழ் வச்சா டாக்டர்கிட்ட போங்க. நீங்களா கழட்டிடாதீங்க, துளை மூடிக்கிட்டா சீழ் உள்ளயே தங்கிடும். அந்த ஸ்பிரிட்டை அவர் கடையிலயே வச்சுக்கச் சொல்லுங்க."

மறுநாள் இடைவேளையில் என் சீருடைப் பட்டியைப் பிரித்து, தொப்புளுக்குக் கீழே இறக்கித் தைத்தேன். மேற்பார்வையாளர் முறைத்தார்.

"சீருடையில கை வைக்கலாமா?"

"தையல்ல குறை இருந்தா சொல்லுங்க சார்."

குறை தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சிவப்பு தணியத் தொடங்கிய சமயத்தில் நாத்தனார் மறுபடியும் வந்தாள். வழக்கம்போல் கை நீண்டது. வயிற்றைத் தொடுவதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் அவளைத் தடுத்ததே இல்லை.

"கை வைக்காதீங்க அண்ணி."

"புண்ணு ஆறட்டும், அப்புறம் பாத்துக்கறேன்."

"ஆறினப்புறமும் வேண்டாம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "கேட்டியாடா உன் பொண்டாட்டி பேச்சை?" அவர் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

"எதுக்குடி உனக்கு இந்த வீம்பு?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவை பறிகொடுத்தவ நான். ஒவ்வொரு தடவையும் நீங்க தொட்டுத் தொட்டுக் கேட்டப்போ செத்துடலாம்போல இருந்துச்சு. இந்த வயித்துல நான் ஆசைப்பட்டு, நிலைச்சு நிக்கிறது இது ஒண்ணுதான் அண்ணி. இதையும் விடச் சொல்றீங்களா?"

என் பிடிக்குள் அவள் கை தளர்ந்தது.