ஃபயர்வால் ஆஃப்

...நல்லதுதானே பண்ணான் என்கிறார், நேற்றிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார் என் புருஷன், ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, அவன் கத்தலன்னா அப்பா கீழ விழுந்திருப்பாரே ரேவதி என்று. எவன்? யார் அந்த அவன்? என் வீட்டுக் கூடத்திலிருந்து ஓர் ஆண் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, வீட்டில் ஆண் என்று இருப்பவர் மாமனார் ஒருவர்தான், அவருக்கும் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய் இரண்டு வருடம் ஆகிறது, அப்படியிருக்க அது யார் என்று கேட்கத் தோன்றாமல் நல்லது பண்ணான் என்று எப்படி ஒரு மனுஷனால் சொல்ல முடிகிறது. நேற்று ஞாயிறு, மதியம் இரண்டு மணி, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறையில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான்... "ரேவதி அக்கா, தாத்தா விழறாரு, ஓடுங்க." சோப்புக் கையோடு ஓடினேன், மாமாவுக்குப் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே, இடது கை கம்பியைப் பிடித்தபடி நடுங்குகிறது, அள்ளி உள்ளே தள்ளித் தலையணையை முட்டுக் கொடுத்து, மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் கூப்பிட்டது யார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சுவரில் கேமரா மட்டும், ஓசூரிலிருந்து அப்பாவைப் பார்க்கவும் பேசவும் என்று அவர் மாட்ட வைத்தது. அது என்னை ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டது, கூச்சப்பட்டவன் மாதிரி. செருகியிருந்த நைட்டியை இழுத்து இறக்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு சந்திரகலா அக்காவிடம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், அண்ணாமலையாரே குரல் குடுத்திருக்காரு, கிரிவலம் வரேன்னு வேண்டிக்கோ என்கிறாள்... அண்ணாமலையாருக்கு என் வீட்டு வைஃபை எதற்கு? அவருக்கு நான் அக்காவா? சிரிப்பு வரவில்லை, எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது, கேமராவின் வயரைப் பிடுங்கிப் போட்டிருப்பேன், ஆனால் எவனோ வெளியிலிருந்து நுழைந்து அதன் வழியாகப் பேசியிருக்கிறான், வழி திறந்து கிடக்கும்போது கேமராவைப் பிடுங்கி என்ன, போன் இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, இன்றைக்கு இதற்குள் வந்தவன் நாளைக்கு அதற்குள் வருவான். அதனால்தான் இன்று லீவு போட்டேன். திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு நாள், எங்கள் செக்‌ஷனில் கால் வைக்க இடம் இருக்காது, சூப்பிரண்டு போனில் சரிம்மா என்று மட்டும் சொன்னார், அந்த சரிம்மாவை ஒரு மாதத்துக்குக் கேட்க வேண்டும். ஊரெல்லாம் மனு எழுதி எடுத்துக்கொண்டு வருகிறதே, நான் யாரிடம் கொடுப்பது? ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அந்த எண்ணை லேப்டாப்பில் அடித்தேன். பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. நெட் மாட்டிய மணிவேலுக்குப் போன் போட்டேன், ரெண்டுமே அட்மின்தாங்க மேடம் என்றான், வெட்கமே இல்லாமல், ஏதோ வீட்டு நம்பரைச் சொல்வதுபோல. எங்கள் வேங்கிக்காலில் எத்தனை வீட்டுக்கு மாட்டினானோ அத்தனைக்கும் அதேதானாம். உள்ளே போனால் மூன்றாவது பக்கத்தில் ஃபயர்வால் என்று இருக்கிறது, எதிரே ஆஃப். கீழே இன்னொரு வரி, வெளியிலிருந்து யார் தட்டினாலும் நேராக என் கூடத்துக் கேமராவுக்கு அனுப்பிவிடு என்று ஒரு வழி. ஏன்டா இப்படி என்று கேட்கிறேன், அவன் சொல்கிறான், "சார்தான் மேடம் சொன்னாரு. ஆப்ல படம் நின்னு நின்னு வருது, நேரா பாக்கற மாதிரி பண்ணிக் குடுன்னாரு. ஃபயர்வால் இருந்தா தொல்லைங்க, அதான் எடுத்துட்டேன்."

சார்தான் சொன்னார். சாருக்கு ஓசூரிலிருந்து அப்பாவை நிற்காமல் பார்க்க வேண்டும், அதற்காக என் வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நான் அந்தக் கூடத்தில்தான் தலை துவட்டினேன், அங்கேதான் மாமாவுக்கு உடம்பு துடைத்தேன், வயசான மனுஷனுக்குத் துணி மாற்றினேன்... எங்கள் ஆபீஸ் வாசலில் மனு நாளன்று போலீஸ் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், இந்த ஃபயர்வாலும் அவ்வளவுதான் என்று படித்தால் புரிகிறது, உள்ளே இருக்கிறவர்கள் கேட்டது மட்டும் வரலாம், கேட்காமல் வருகிறவன் வாசலோடு நிற்க வேண்டும். இதில் என்ன தொல்லை? யாருக்குத் தொல்லை? ஆன் செய்தேன். கேமராவுக்குப் போகிற வழியை அழித்தேன், நிச்சயமாகவா என்று கேட்டது, நிச்சயமாகத்தான். வெளியிலிருந்து ரவுட்டரை மாற்றுகிற வசதி ஒன்று இருந்தது, அதையும் மூடினேன். அட்மினை எடுத்துவிட்டு இந்த வீட்டில் யாரும் யூகிக்க முடியாத ஒன்றை வைத்தேன், வைஃபைக்கு வேறு, கேமராவுக்கு வேறு. ஒவ்வொரு முறை சேமி என்று அழுத்தும்போதும் விரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தினேன்.

ஐந்து நிமிஷம் இருக்காது, ஓசூரிலிருந்து போன். கேமரா வரவில்லை, கரண்ட் போயிடுச்சா என்று கேட்டார். நான் மூடிட்டேன் என்றேன். உடனே அந்தப் பொறுமையான குரல், எனக்கு அந்தக் குரல்தான் பிடிக்காது.

"நான் எப்படி ரேவதி அப்பாவப் பாக்கறது?"

"வந்து பாருங்க."

வைத்துவிட்டேன். நன்றாக இருந்தது, இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது இரண்டே வார்த்தை என்று இப்போதுதான் தெரிகிறது. அதே சூட்டில் கடைசியாக ஒரு பக்கம் இருந்ததைத் திறந்தேன், யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு, பத்து நாளுக்கு வைத்திருக்கிறது. வரட்டும், எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறான் என்று தெரியட்டும், அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் சைபர் கிரைமில் கொடுக்கலாம் என்று தேடினேன். பெயர் இல்லை, வந்தவர்களின் நெட் எண்தான், ஓசூர் எண் அபூர்வமாக அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை, இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷம்... நிற்காமல் பார்க்க வேண்டியவர் பார்த்தது அவ்வளவுதான். இன்னொரு எண், அநேகமாகத் தினம். ஆனால் காலையில் நான் இருக்கும்போது இல்லை, சாயங்காலம் இல்லை, ராத்திரி இல்லவே இல்லை. சனி ஞாயிறும் இல்லை, நேற்று மதியம் ஒரு தடவை தவிர, மற்ற எல்லா நாளும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. அந்த நேரத்தில் நான் ஆபீசில், பாஞ்சாலை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், அடி அண்ணாமலையிலிருந்து மாமாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவள், ரேவதி அக்கா, ரேவதி அக்கா என்று நூறு தடவை அவள்தான் சொல்லியிருப்பாள், அவன் அதைக் கேட்டிருப்பான். கூடத்தில் மாமா மட்டும். பேச முடியாத ஒருவரை ஒரு மணி நேரம் எதற்குப் பார்க்க வேண்டும்... பார்த்தானா, பேசினானா? போன வாரம் பாஞ்சாலை சொன்னாளே, தாத்தா இப்பல்லாம் தனியா சிரிக்கிறாருங்க, நான் கீழ வரும்போது கண்ணெல்லாம் தண்ணி என்று. டாக்டரிடம் சொன்னேன், பக்கவாதத்துக்குப் பிறகு காரணமில்லாத சிரிப்பு வரும் என்று ஒரு மாத்திரை எழுதினார், நான்கு நாளாகக் கொடுக்கிறேன்.

மணி பதினொன்று ஐந்து. மாடியில் துணி அடிக்கிற சத்தம். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினால், மாமா கேமராவைப் பார்த்து இடது கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், எவ்வளவு நேரமாகத் தூக்கினாரோ, விரல்கள் லேசாக ஆடுகின்றன, வா என்பதுபோல. கேமரா அசையவில்லை. வாய் ஒரு பக்கமாகத் திறந்து ஏதோ சத்தம் வந்தது, நெல்லா, நல்லாவா, கல்லா, எனக்கு விளங்கவில்லை, அவனுக்கு விளங்கியிருக்குமோ? நான் காலையிலும் ராத்திரியிலும் இவரிடம் என்ன பேசுகிறேன், வாயத் திறங்க, திரும்பிப் படுங்க... எவனோ ஒரு திருட்டுப் பயல், பேர் தெரியாதவன், கேட்காமல் நுழைந்தவன், அவனை இப்போதும் செருப்பால் அடிப்பேன். மாமா கையை இறக்கவில்லை. பக்கத்தில் போய், இனிமே யாரும் வர மாட்டாங்க மாமா, மூடிட்டேன் என்று சொன்னேன். அவர் கண் கேமராவை விட்டு மெல்ல என் மேல் வந்தது. படுத்த படுக்கையான நாளிலிருந்து இந்த நிமிஷம் வரை மாமா என்னை ஒரு தடவைகூடக் கோபமாகப் பார்த்ததில்லை.