சிவப்புக்கு எத்தனை

அத்தை பவுடர் பஞ்சை அக்காவின் இடது கன்னத்தில் ஒற்றிவிட்டு வலது கன்னத்துக்குப் போவதற்குள் தம்பி அத்தையின் கையைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் அத்தை. இன்னைக்கு வியாழக்கிழமை."

"வியாழக்கிழமைன்னா பவுடர் போடக்கூடாதா? நாலு பேர் பார்க்க வருவாங்கடா. முகத்துல திட்டுத் திட்டாவா படுக்க வைக்கிறது?"

வியாழக்கிழமை அளக்கிற நாள். லூபஸ் நோய் அக்காவின் சிறுநீரகத்தையும் தோலையும் ஒருசேரப் பிடித்திருந்தது. சிறுநீரகத்தை ஆஸ்பத்திரி அளந்தது. தோலை, வாரம் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில், தம்பி. டாக்டர் கொடுத்த படிவத்தில் தலை முதல் பாதம் வரை பதின்மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் சிவப்பு: இல்லையென்றால் பூஜ்யம், கருஞ்சிவப்பென்றால் மூன்று. தழும்புக்குத் தனிக் கட்டம். அது ஏறுமே தவிர இறங்காது.

அக்கா கணக்கு டீச்சர். அரை மார்க்குக்கு அழுத பிள்ளைகளை அசையாமல் பார்த்தவள். சொந்தத் தம்பிக்கே முட்டை போட்டு, சந்தேகம் வேண்டாம் என்று அடியில் இரண்டு கோடும் இழுத்தவள். அவள்தான் வியாழக்கிழமைகளில் பேரம் பேசினாள்.

"கன்னத்துக்கு மூணா? கண்ணைக் கழுவிட்டு வாடா."

"பார்த்துத்தான் போட்டேன். வேணும்னா மறுகூட்டலுக்கு எழுதிப் போடு."

"இந்த ஒரு பரிட்சையிலதான்டா முட்டை வாங்கினா பாஸ். ஒரே ஒரு தடவை போடேன்."

"வாங்கு, போடுறேன். சும்மால்லாம் போட முடியாது."

ஒன்றரை வருடமாக அவன் போடவில்லை. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். போன வியாழன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். அவன் மூன்று போட்டான்.

இன்று காலை சிறுநீரகம் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

தம்பி ஈரத்துணியால் பவுடரை ஒற்றி எடுத்தான். துடைத்த இடம் சிவக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"எதுக்குடா நிக்கிற?"

"அடங்கட்டும் அத்தை."

அத்தை பவுடர் டப்பாவை மூடினாள். அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து நிமிடம் ஆனது. தம்பி குனிந்தான். இடது கன்னம், மூக்குத்தண்டு, வலது கன்னம். திரும்ப இடது கன்னம். தழும்பு மட்டும்தான் இருந்தது.

படிவத்தில் இந்த வாரத் தேதியை அக்கா முன்பே எழுதி வைத்திருந்தாள். அதற்கு நேராக, தழும்புக்குப் பழைய எண்ணையே எழுதினான். சிவப்புக்கு முட்டை போட்டான். அடியில் இரண்டு கோடு இழுத்தான்.